கதிரையில் ஒட்டிய பெயர்

டார்ம்ஸ்டாட்
16 ஜூன் 2024, ஞாயிறு

ஆண்டவரில் அன்பான டொறத்தி அக்காவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்து, பூசையில் மற்றவர்களோடு சேர்ந்து முழந்தாளிடும் அளவுக்கு நீங்கள் தேறியிருக்க வேண்டுமென்று மன்றாடிக்கொண்டு இதை எழுதுகிறேன். இங்கே நாங்கள் நால்வரும் நல்ல சுகம். றொனால்ட்டுக்கு மட்டும் கொஞ்சம் வயிறு வைத்திருக்கிறது. இந்த நாட்டுப் பாணும் அதில் பூசும் வெண்ணெயும் அப்படி.

உங்கள் கடிதம் போன திங்கட்கிழமையே வந்துவிட்டது. ஆகஸ்டில் திரும்பி வருகிறீர்களா, பிள்ளைகளுக்கும் சேர்த்துப் புத்தகம் வாங்கவா என்று கேட்டிருந்தீர்கள். றொனால்ட்டின் கம்பனியும் அதைத்தான் கேட்கிறது. இந்த மாத முடிவுக்குள் இங்கேயே நிரந்தர வேலைக்குக் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் கனடாவுக்கு மூட்டை கட்ட வேண்டும். அவர் அதை என் தலையில் போட்டுவிட்டார். ஐந்து வருடம் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிப்பித்தவள் நீ, நீயே சொல் என்கிறார். நல்ல மனிதர்தான், ஆனால் நழுவுவதில் கெட்டிக்காரர்.

இங்கே வீட்டில் வைத்துப் படிப்பிக்கச் சட்டம் விடாது என்பது உங்களுக்குத் தெரியும். மிதுசாவை மூன்றாம் வகுப்பிலும் மதீசனை முதலாம் வகுப்பிலும் விட்டுவிட்டு வந்த முதல் நாள், காலை எட்டு மணிக்கு வெறும் மேசைக்கு முன்னால் இருந்து, என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு கிலோ வெங்காயம் உரித்தேன். மிதுசா ஒரு மாதத்தில் பழகிவிட்டாள். மதீசன்தான் என்னை வாட்டிவிட்டான். ஸ்காபரோவில் நாங்கள் எல்லாரும் கூடிப் படிப்பிக்கும் உங்கள் பேஸ்மென்ட் மேசையில் ஒரு நிமிடம் வாய் மூடாதவன், இங்கே பத்து மாதமாக வகுப்பில் ஒரு சொல் பேசவில்லை. ஜெர்மன் விளங்குகிறது, அழகாக எழுதுகிறான், வாய் மட்டும் திறக்கமாட்டான். பள்ளி வருடம் முடிவதற்குள் இவன் பேசாவிட்டால் திரும்பி வந்துவிடுவது என்று மனதுக்குள் முடிவெடுத்திருந்தேன். உங்களுக்கு எழுதவில்லை. எழுதியிருந்தால் அன்றைக்கே புத்தகம் வாங்கியிருப்பீர்கள்.

இனி என் கூத்தைக் கேளுங்கள். மே மாதக் கடைசிச் செவ்வாய், காலையிலேயே நல்ல வெயில். மதீசன் சப்பாத்தைப் போடாமல் கண் கலங்கி நின்றான். எனக்குப் பழைய புத்தி வந்துவிட்டது. இப்படி வெயில் எறித்தால் நாங்கள் புத்தகத்தை மூடிவிட்டுப் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போவோமே, அதேபோல இரண்டு பேரையும் பஸ்ஸில் ஏற்றி, ஊருக்கு வெளியே ஸ்ட்ரோபெரித் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். நாமே பறித்து, நிறுத்துப் பார்த்து வாங்கும் தோட்டம் அது. அரைக் கிலோப் பெட்டிகளை அடுக்கி அரை, கால், முக்கால் எல்லாம் படிப்பித்தேன். பாடம் தொடங்கமுன் தொலைபேசியைப் பிஸ்கட் பேணிக்குள் போட வேண்டும் என்பது உங்கள் சட்டம் அல்லவா? அதையும் பிசகாமல் செய்தேன். பேணி தொலைபேசியோடு வீட்டில் இருந்தது.

பள்ளிக்குச் சொல்ல வேண்டும் என்ற நினைவே வரவில்லை, அக்கா. பள்ளியிலிருந்து ஏழு தரம் அழைத்திருக்கிறார்கள். பிறகு றொனால்ட்டின் வேலையிடத்துக்கு, அதன் பிறகு பொலிசுக்கு. நாங்கள் வாயெல்லாம் சிவப்பாக, கையில் மூன்று பெட்டியோடு வந்து இறங்கினால், வாசலில் ஒரு பொலிஸ்காரி, பக்கத்தில் முகம் வெளுத்துப்போய் றொனால்ட். மன்னாரில் சண்டைக் காலத்தில் வளர்ந்தவர், இன்றைக்கும் சீருடையைக் கண்டால் அடையாள அட்டையைத் தேடுவார். மிதுசா ஒரு பெட்டியை அந்தப் பெண்ணிடம் நீட்டினாள். அவள் சிரித்துக்கொண்டே இரண்டு எடுத்தாள், ஆனால் குறிப்பேட்டில் எழுதுவதை நிறுத்தவில்லை.

அடுத்த நாள் மதீசனின் வகுப்பாசிரியை பெக்கர் என்னைக் கூப்பிட்டார். வெட்கத்தில் குறுகிப்போய் இருந்தேன். இனி அறிவிக்காமல் பிள்ளைகளை வீட்டில் மறிக்கக்கூடாது, அடுத்த முறை அபராதம் வரும் என்று தெளிவாகச் சொன்னார். பிறகு, தோட்டத்தில் என்னதான் செய்தீர்கள் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் பெட்டி, தராசு, அரை, கால் என்று சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, இதையே முழு வகுப்புக்கும் செய்வீர்களா என்றார். பழம் பறிக்க இருபத்திரண்டு பெற்றோரின் கையெழுத்து வேண்டும் என்றால் நம்புவீர்களா? இந்த ஊர் அப்படித்தான். அதையும் சேர்த்தார்கள்.

நேற்று முன்தினம், வெள்ளிக்கிழமை, போனோம். ஒரு பெண்பிள்ளை இரண்டு பெட்டியை வைத்துக்கொண்டு எத்தனை கிலோ என்று தெரியாமல் முழித்தாள். நான் சொற்களைத் தேடிக்கொண்டு நின்றேன். என்னை முந்திக்கொண்டு மதீசன் பெட்டிகளைத் தூக்கித் தராசில் வைத்து, அரையும் அரையும் ஒன்று என்று ஜெர்மனில் உரக்கச் சொன்னான். பிறகு வாய் மூடவே இல்லை. ஏழெட்டுப் பேர் பெட்டியோடு அவனுக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள். ஆசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்று பின்னேரம் கால் கழுவும்போது கேட்டான்: “அம்மா, நாளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கோ?”

சனிக்கிழமை இல்லை என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டான். நான் குசினிக்குள் அடுப்படியில் நின்று அழுதேன். சந்தோசத்தில்தான் அழுதேன், கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

வீட்டுப் பாடத்தை நான் விட்டுவிட்டேன் என்று மட்டும் நினைக்க வேண்டாம். பள்ளி மதியத்தோடு முடிந்துவிடும். மூன்றரைக்குத் தமிழ், இராச்சாப்பாட்டில் ஒரு வேதாகமக் கதை, கதையை நிறுத்திய இடத்தில் அடுத்த நாள் பிள்ளைகள் தொடங்க வேண்டும். தாவீதின் கவணை மதீசன் இப்போது பாரந்தூக்கி அளவுக்குப் பெருப்பித்துவிட்டான்.

வீட்டில் படிப்பிக்கப் புதிதாகத் தொடங்கியிருக்கும் கம்சனாவின் பிள்ளைகள் கணக்கென்றால் அழுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவளிடம் சொல்லுங்கள், பதினைந்து நிமிடத்துக்கு மேல் இருத்த வேண்டாம். தராசைக் கையில் கொடுத்து அரிசியை நிறுக்க விடட்டும். அழுதால் புத்தகத்தை மூடிவிட்டுப் புட்டுக்கு மாக் குழைக்கட்டும். அவளும் கொஞ்சம் நித்திரை கொள்ள வேண்டும்.

எங்கள் பிள்ளைகள் இருந்த இரண்டு கதிரையையும் எங்களுக்காக வைத்திருப்பதால் மேசையில் இடமில்லை என்று, இடம் கேட்ட அவளுக்கு மறுமொழி சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். அக்கா, கோபிக்க வேண்டாம், றொனால்ட்டைக் கையெழுத்துப் போடச் சொல்லிவிட்டேன். அந்தக் கதிரைகளில் அவளுடைய பிள்ளைகளை இருத்துங்கள். மதீசன் தன் கதிரையின் முதுகில் ஒட்டிய பெயரை மட்டும் உரிக்க வேண்டாம். கம்சனாவின் மகன் அதற்குக் கீழே தன் பெயரை ஒட்டட்டும். இரவுச் செபத்தில் எங்கள் நால்வரின் பெயரையும் முன்புபோல மேசைப் பிள்ளைகளோடு சேர்த்தே சொல்லுங்கள், தூரத்தில் இருப்பவர்களோடு சேர்க்காதீர்கள்.

உங்களிடம் படிப்பிக்கப் படித்த தங்கை,
லவினியா