வெள்ளை விமானத்துக்கு ஆரஞ்சு முதுகு

ஜன. 17, சனி

காலையில் நல்ல பனி. பொங்கல் லீவு, பிரஸ் திங்கள்தான் திறக்கும். பரண் சுத்தம் செய்தேன். கிழிந்த பாய், உடைந்த குடை, எலிப் புழுக்கை. கடைசியில் வீட்டுக்காரருடைய ரிமோட் விமானம்.

லேசான பால்சா கட்டையில் இவரே செய்தது. மேலே வெள்ளை பிளாஸ்டிக் ஃபிலிம், இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து ஒட்டியது. விபத்துக்கு முன்பே முடித்துவிட்டார். ஒரு தடவைகூடப் பறக்கவில்லை.

பட்டாசு ஆலையில் இடது கண் போன பிறகு, இவர் வேறொரு விமானத்தைப் பறக்கவிட ஆனைக்குட்டம் அணைப் பக்கம் கொண்டுபோனார். அதுவும் வெள்ளை. வானமும் அன்று வெள்ளை. வருகிறதா போகிறதா, நிமிர்ந்திருக்கிறதா கவிழ்ந்திருக்கிறதா, ஒற்றைக் கண்ணுக்குப் பிடிபடவில்லை. கருவேலங்காட்டில் விழுந்து சுக்குநூறு. அதற்குப் பிறகு ரிமோட்டைத் தொடவே இல்லை.

இன்று இதைப் பார்த்ததும்: "கருப்பசாமிக்குக் குடுத்துருவோம். அவனாச்சும் பறக்கவிடட்டும்."

உடனே போனும் போட்டாச்சு. கருப்பசாமி, எம். புதுப்பட்டி ஊர்க்காரர், இவருக்கு விமானக் கூட்டாளி. அடுத்த வாரம் ஞாயிறு வந்து எடுத்துக்கொள்வாராம்.

எனக்குச் சுருக்கென்று கோபம். "அதுக்குள்ள நான் பெயின்ட் அடிச்சுத் தாரேன். உங்க கண்ணுக்குத் தெரியிற மாதிரி."

"ஃபிலிம் மேல பெயின்ட் நிக்காது செல்வி. வழுவழுன்னு கெடக்கு. உரிஞ்சு வந்துரும்."

நிற்கும். திருத்தங்கல் பிரஸ்ஸில் பிளாஸ்டிக் ஸ்டிக்கருக்கு மை ஏற்றுவதுதானே என் வேலை.

ஜன. 18, ஞாயிறு

மிச்சம் கிடந்த ஃபிலிம் துண்டில் சோதனை. வீட்டிலிருந்த ஸ்டிக்கர் மை. காய்ந்ததும் பளபளவென்று அருமை. டேப் ஒட்டி இழுத்தேன். பால் ஆடை மாதிரி மொத்தமும் டேப்போடு வந்துவிட்டது.

இவர் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தை மட்டும் புரட்டவே இல்லை. அதுதான் எரிச்சல்.

மத்தியானம் கருவாட்டுக் குழம்பு. உப்புக் கூடிவிட்டது.

ஜன. 20, செவ்வாய்

யோசித்தால் எளிது. வழுக்கினால் நிற்காது. சொரசொரப்பு வேண்டும்.

வேலை முடிந்து வரும்போது பைக் பெயின்ட் கடை. நைஸ் உப்புத்தாள், பிளாஸ்டிக் பம்பருக்கு அடிக்கும் பிரைமர், ஸ்ப்ரே டப்பா ஆரஞ்சு ஒன்று, கறுப்பு ஒன்று.

இன்னொரு துண்டு. பளபளப்பு போகிற அளவுக்கு மட்டும் தேய்ப்பு. ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, பிரைமர் புகை மாதிரி லேசாக. அதன் மேல் ஆரஞ்சு, அதுவும் லேசாக.

ஜன. 21, புதன்

காலையில் எழுந்ததும் முதல் வேலை டேப். இழுத்தேன். வரவில்லை! நகத்தால் சுரண்டினேன். அசையவில்லை. துண்டை இவர் காப்பி டம்ளர் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

சாயங்காலம் வந்தால் விமானம் மேசை மேல். பக்கத்தில் இஸ்திரிப் பெட்டி சூடாக.

"மொதல்ல சுருக்கம் எடுக்கணும். பெயின்ட் அடிச்ச பெறகு பெட்டி வைக்க முடியாது, கொப்புளிச்சுப் போகும்." என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

பெட்டி போகப் போக ஃபிலிம் விறைத்து மேளத் தோல் மாதிரி ஆயிற்று. பார்த்துக்கொண்டே நின்றேன். சோறு வைக்க மறந்துபோச்சு.

ஜன. 22, வியாழன்

எங்கே என்ன நிறம்? அட்டைகளுக்கு நிறம் பூசி எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு மொட்டைமாடிக்குப் போனேன். இவர் எங்கள் மாடியில். ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினேன்.

எதிர்வீட்டக்கா துணி காயப்போட வந்தவர், "என்ன செல்வி, யாருக்குக் கொடி காட்டுறீக?"

"எங்க வீட்டுக்காரருக்குத்தான்க்கா."

முடிவு: முதுகு முழுக்க ஆரஞ்சு. வயிறு வெள்ளை, குறுக்கே அகலமான கறுப்புப் பட்டை. இரண்டும் வேறு வேறாகத் தெரிகிறதாம்.

ராத்திரி உப்புத்தாள் போட்டபோது அவசரப்பட்டுவிட்டேன். இறக்கைக்குள் இருக்கும் கட்டை விளிம்பில் அழுத்தி, ஃபிலிம் கிழிந்துவிட்டது. விரல் நீளத்துக்கு.

"இதுக்கா மூஞ்சியத் தொங்கப்போட்டுருக்க?" மேலே ஒரு ஃபிலிம் துண்டு வைத்து இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தார். முடிந்தது.

ஜன. 24, சனி

காற்றே இல்லை. மாடியில் வைத்து அடித்தேன். மூக்கில் துணி. லேசு லேசாக, காயவிட்டு, காயவிட்டு. பட்டைக்கு ஒட்டிய டேப்பை உரிக்கும்போது மட்டும் மூச்சு விடவில்லை. கோடு கத்தி மாதிரி.

இவர் சமையல் தராசில் வைத்துப் பார்த்தார். "கொஞ்சம் கனம் கூடியிருக்கு. பரவால்ல, தாங்கும்." இறக்கைக்கடியில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்கினார். வால் தாழ்ந்தது. சமமாக நிற்க விமானத்தின் மூக்கில் சின்ன ஈயத் துண்டு வைத்து ஒட்டினார்.

கருப்பசாமி நாளை வருவார். இவர் பேட்டரி இரண்டையும் சார்ஜில் போட்டார்.

ஜன. 25, ஞாயிறு

ஆனைக்குட்டம். பனி விலகி இளவெயில். மூன்று பேர், இரண்டு பைக். விமானம் என் மடியில்.

கருப்பசாமி சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "மதினி, இது கடையில வாங்குன மாதிரில்ல இருக்கு! அண்ணே, ரிமோட்டக் குடுங்க, ஏத்திப் பாப்போம்."

"நான் ஏத்துறேன்லே. நீ பக்கத்துல நில்லு."

என் கையால்தான் வீசினேன். ஏறியது. ஏறிக்கொண்டே தூரம் போனது. என் இரண்டு கண்ணுக்கே புள்ளியாகிவிட்டது. காட்டுக்கு மேலே ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கருப்பசாமி கை ரிமோட் பக்கம் போனது. "அண்ணே, சாயிது, சாயிது..."

"தெரியிதுலே. கறுப்புத் தெரியிது. வயித்தக் காட்டுது, அந்தப் பக்கமாத் திரும்புது." கட்டை விரல் துளி நகர்ந்தது. ஆரஞ்சு தெரிந்தது. நேரே எங்களைப் பார்த்து வந்தது.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இறங்கும்போது லேசாகக் குதித்துக் கவிழ்ந்தது. ஓடிப்போய் எடுத்தேன். மூக்கில் கொஞ்சம் பெயின்ட் பெயர்ந்திருக்கிறது. மற்றபடி எல்லாம் அப்படியே.

கருப்பசாமி சிரித்தார். "அப்ப எனக்கு இல்லயா மதினி?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் வானத்தைப் பார்த்தபடி கையை மட்டும் நீட்டினார்.

"செல்வி, அடுத்த பேட்டரிய எடு."