மூன்று பந்து எறிந்தவன்

ஞாயிறு, ஏப்ரல் 1992

இன்று அமெரிக்கன் ஃபுட்போல் மைதானத்தில் காவல் ஷிப்ட். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவன் குவாட்டர்பாக். அவனுக்கு அடிபட்டால் இறங்க இன்னொருவன் இருக்கிறான். அந்த இரண்டாமவன் எனக்கு முன்னால் தொப்பியோடு நின்று எல்லாவற்றையும் தாளில் குறித்துக்கொண்டிருந்தான்.

"சும்மா நிக்கிறதுக்கும் சம்பளம், அண்ணை," என்றேன்.

கூட நின்ற ரவி அண்ணை சிரித்தார். "நீ கிரிக்கெட் டீமில பன்னிரண்டாவது ஆளெண்டு கோவிச்சுக்கொண்டு வந்தனி. பேசாமல் பார்."

முதல் ஆட்டக்காரன் தோளைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். இவன் போய் மூன்று பந்து எறிந்தான். மூன்றும் சரியாகப் போய்ச் சேர்ந்தன. மற்றவன் எழுந்து வந்ததும் இவன் வெளியே வந்து, தொப்பியைப் போட்டு, எதிரணி எந்தப் பக்கத்தால் பாய்கிறது என்று அவனுக்கே படம் கீறிக் காட்டினான். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. என்ன மனுசன்!

நான் போன சனிக்கிழமை, ஆடவிடாமல் எழுதத் தந்த ஸ்கோர் புத்தகத்தைச் சேற்றில் எறிந்துவிட்டு வந்தவன்.

வீட்டுக்கு வந்ததும் கப்டனுக்குப் போன் எடுத்தேன். "அண்ணை, பன்னிரண்டாவது ஆளா வரட்டோ?"



"புத்தகம் இன்னும் காயேல்லையடா. வந்து நீயே காயப்போடு."