சளி இல்லை, புண்

நவம்பர் 19, 2001

ஆலிஸை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். ஏழாம் மாதத்திலேயே பிறந்து, ஆஸ்பத்திரி மெஷின் மூச்சுக் கொடுத்துப் பிழைக்கவைத்த பிள்ளை. தெருவே வந்து பார்க்கிறது. பாரம் தூக்கினியா, பப்பாளி தின்னியா? நீர்க்குடத்தில் கிருமி என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். யார் கேட்கிறார்கள்! ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

நவம்பர் 23

நுரையீரலில் அழற்சியாம். கிருமி ஆரம்பித்து வைத்ததை மெஷின் காற்றும் ஆக்ஸிஜனும் பெரிதாக்கியிருக்கின்றன. உயிரைக் காப்பாற்றியதே உள்ளே காயமும் பண்ணியிருக்கிறது. “மெதுவாத்தான் ஆறும். தூசு, புகை ஆகவே ஆகாது” என்றார் டாக்டரம்மா. என் வீட்டுக்காரர் அலெக்ஸாண்டர் பெரிதாகத் தலையாட்டினார்.

திரும்பி வந்தால் வீட்டு வாசலில் பூவம்மாக்கா. இந்தத் தெருவில் எந்தக் குழந்தை பிறந்தாலும் குளிப்பாட்டுகிறவள். “இன்னாவாம்பா?”

“நெஞ்சுல சளியாம்” என்றார் இவர்.

சளியா? அந்த வார்த்தை வாயில் வரவில்லை என்றால் பொத்திக்கொண்டு இருக்கக் கூடாதா? “அழற்சி, அக்கா. சளி இல்லை” என்றேன் நான்.

“அத்தாம்மே, சளி.”

நவம்பர் 28

ரேஷன் கடைக்குப் போய் வருவதற்குள் —

வீடு முழுக்க வெள்ளைப் புகை. தலைக்கு ஊற்றி, சளி இறங்கட்டும் என்று சாம்பிராணி போட்டு, அதன் மேல் என் பிள்ளையைக் காட்டிக்கொண்டிருக்கிறாள் பூவம்மாக்கா. உதடு நீலம். விலா உள்ளே போய்ப் போய் வருகிறது. இவர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். அறிவு கீதா? ஒருத்தருக்காவது அறிவு இருக்கா?

நவம்பர் 29

மறுபடியும் ஆக்ஸிஜன். மறுபடியும் அதே ஆஸ்பத்திரி வார்டு.

டிசம்பர் 3

பூவம்மாக்கா வார்டு வாசலுக்கு வந்து அழுதாள். எனக்கு வெறியே வந்துவிட்டது. “சளி இல்லக்கா, புண்ணு! நெஞ்சுக்குள்ள பூரா புண்ணு! புண்ணு மேல புகை போடுவியா நீ?”

அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். “புண்ணுன்னு மின்னாடியே ஒரு வார்த்த சொல்லக்கூடாதாம்மே?”

எனக்கு இன்னும்தான் எரிந்தது. படித்தவர்களுக்கு அழற்சி, இவருக்குச் சளி. நடுவில் என் பிள்ளை.

ஜனவரி 12, 2002

ஆலிஸ் வீட்டில்தான் இருக்கிறாள். ஆக்ஸிஜன் இல்லாமல் மூச்சு விடுகிறாள். நாளைக்குப் போகி. தெருமுனையில் லாரி டயர் குவித்திருக்கிறார்கள்.

“ஊரே கொளுத்துது, நான் இன்னா பண்றது?” என்கிறார் இவர்.

“போய் அவங்களாண்டயும் சளின்னு சொல்லு” என்றேன்.

ஜனவரி 13

விடிவதற்குள் சண்டைக்குக் கிளம்பினேன். தெருமுனையில் எனக்கு முன்பே ஒரு குரல்.

“எவனாவது டயரக் கொளுத்துனீங்க, மூஞ்சிலயே ஊத்துவேன்! கொயந்தைக்கு நெஞ்செல்லாம் புண்ணு கீதுடா, கஸ்மாலம்!”

பூவம்மாக்கா. கையில் பக்கெட். டயர் மேல் ஏற்கெனவே தண்ணீர்.

அடுத்த தெருப் புகை வந்துகொண்டுதான் இருந்தது. வீட்டுக்கு வந்து துண்டை நனைத்து ஜன்னலில் கட்டினேன். குழந்தையைப் பார்த்துக்கொள்ள இவரை உட்காரவைத்தேன்.

பூவம்மாக்காவை நான் இன்னும் மன்னிக்கவில்லை. குடத்தை நிரப்பி எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் நின்றேன்.