அத்தையைக் கேட்காமல் போட்ட பூ

வாசலூர்பட்டி,
12.2.2001

அன்புள்ள மாமாவுக்கு,

கிணற்றுக்குத் துளை போடும் போர் லாரியோடு நாக்பூர்ப் பக்கம் சுற்றும் நீங்க நல்லபடியாக இருக்கணும். இங்கே உங்க அம்மா நல்லபடியாக இல்லை. எல்லாரும் நலம் என்று பொய்யெழுத எனக்குக் கை வரவில்லை.

முந்தாநாள் போனில் நீங்க கத்தியதற்கு, பூத்துக்காரர் முன்னால் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன், முழுசாகப் படிங்க. போன மாசம் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்த அத்தைக்கு வாய் கோணி, இடது கை துவண்டு விழுந்தது. பொழுது சாய்வதற்குள் சரியாகிவிட்டது. பேய் அறைந்தது என்று உங்க அண்ணன் விபூதி போட்டார். நான் பஸ் ஏற்றிக் கோயமுத்தூர் கூட்டிப்போனேன்.

நெஞ்சுக்கு எக்கோ எடுத்தபோது டிவியில் நானே பார்த்தேன். இதய வால்வின் ஓரத்தில் நாலு மிளகு சேர்ந்த அளவுக்கு ஒரு கட்டி, துடிக்கத் துடிக்க ஆடுது. புற்று மாதிரித் தெரியவில்லையாம். புற்றில்லாவிட்டால் எதுக்குக் கீறணும் என்று கேட்டீங்களே, அதையேதான் நானும் டாக்டரம்மாவிடம் கேட்டேன். அது பரவாது, ஆனால் அதிலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போனால் அடுத்த தடவை கை திரும்பாது, உயிரே போகலாம் என்றாங்க. நெஞ்சைத் திறந்து கட்டியை மட்டும் சீவி எடுத்தால் வால்வைக் காப்பாற்றிவிடலாமாம். ஆபத்தே இல்லை என்று அவங்க சொல்லவில்லை.

உங்க அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? வெள்ளையும் சிவப்புமாகப் பூப்பொட்டலம் கட்டி, சாமி உத்தரவு கேட்கக் கோயிலில் போட்டுப் பார்த்தார். சிவப்பு வந்துவிட்டது, ஆபரேசன் கூடாது என்று ஊரைக் கூட்டினார். அத்தை எழுந்து வந்து, என் நெஞ்சைக் கீறலாமா வேண்டாமா என்று சாமியைக் கேட்டியே, என்னை ஒரு வார்த்தை கேட்டியாடா என்றாங்க. அட, அப்போ உங்க அண்ணன் மூஞ்சியை நீங்க பார்த்திருக்கணும்! வேட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு நடையைக் கட்டினார்.

ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட மகன் வரவில்லையா என்று ஒருத்தர் கேட்டார். அத்தை மை டப்பாவை இழுத்துத் தன் பெருவிரலை அழுத்திட்டாங்க.

இருபத்திரண்டாம் தேதி ஆபரேசன். லாரி ஊர் திரும்பும் வைகாசி வரைக்கும் பொறு என்று நீங்க எத்தனை தடவை சொன்னாலும், என்னைப் பிறந்த ஊட்டுக்கே அனுப்பினாலும், கூட்டிப்போவது போவதுதான். தடுக்க வருவதாக இருந்தால் அங்கேயே இருந்துக்கோங்க.

மயக்க மருந்து கொடுக்கும் முன்னால் உங்க முகத்தைப் பார்க்கணும் என்று அத்தை வாய்விட்டுக் கேட்க மாட்டாங்க. கேட்டால் பயந்துவிட்டதாக நீங்க நினைச்சுடுவீங்களே. அதனால் நான் கேட்கிறேன். எனக்கும் பயமாக இருக்குங்க மாமா. வந்துடுங்க.

இப்படிக்கு,
உங்க ராமாயி