நாற்பது அடி வலை

செவ்வாய்க்கிழமை, இரவு.

கீரை போடக் கொல்லையைப் பிரித்துக்கொள்ள மாமியார் இன்று ஒரு வழி சொன்னார். ஆடு புகாமலிருக்க வாங்கிய வலையைச் சரிபாதியாக வெட்டி, எனக்கும் ஓர்ப்படி செல்விக்கும் ஆளுக்கு நாற்பது அடி கொடுத்தார். "யார் வலை எவ்ளோ எடத்த வளைக்குதோ, அது அவங்களுது."

செல்வி சதுரமாகக் கட்டினாள். நான் வட்டமாகக் கட்டினேன். எனக்குக் குச்சி போதவில்லை. தன்னிடம் மிஞ்சிய மூன்றை அவளே கொண்டுவந்து நட்டுக் கொடுத்தாள். பிறகு இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள்.

"இன்னாக்கா, உன்னுது பெருசா கீற மாரி தெரியுது?"

"ஒரே வலைதானேடி. வேணும்னா அளந்து பாரு."

நிஜமாகவே சுற்றிவந்து முழம் போட்டாள். சரியாக இருந்தது. "கணக்குப் படிச்ச ஆளாண்ட போய்க் கேட்டேன் பாரு!" தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அவளுக்கு நூறு சதுர அடி. எனக்கு நூற்று இருபத்தேழு. ஒரே நீளத்துக்கு வட்டம்தான் அதிக இடம் வளைக்கும் என்று, வலை கைக்கு வந்தபோதே மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். இருபத்தேழு சதுர அடிக் கீரைக்கு இந்தப் புத்தி.

விடிந்ததும் அவிழ்த்து நானும் சதுரமாகக் கட்டிவிடலாம். ஏன் என்று கேட்பாள். அவள் நட்ட குச்சியை அவள் கண்ணெதிரே பிடுங்கிக்கொண்டு நான் என்ன சொல்வேன்?