பிளைட் லேட்டும்மா

2026 ஜனவரி 5, திங்கள்

காலையில் நல்ல பனி. கம்பெனி பஸ் பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் அது பஸ் என்றே தெரிந்தது.

மகள் எஸ்லினுக்கு இந்த வாரம் ஏர்போர்ட்டில் விடியற்காலை ஷிஃப்ட். மத்தியானம் இரண்டு மணிக்கு வேலை முடிகிறது. பெங்களூர் ஏர்போர்ட்டிலிருந்து இங்கே ஓசூர் மூக்கண்டப்பள்ளிக்கு எவ்வளவு டிராஃபிக் இருந்தாலும் ஆறு மணிக்குள் வந்துவிடலாம். வந்தது ஒன்பதுக்கு. "பிளைட் லேட்டும்மா" என்றாள். கைகால் கழுவினாள், படுத்துவிட்டாள். ரசம் அப்படியே இருக்கிறது.

பனி காலையில்தானே? மத்தியானம் ஏது பனி?

ஜனவரி 6

இன்றும் லேட். இன்றும் அதே வார்த்தை.

ஜனவரி 9, வெள்ளி

போனில் ஒரு ஆப் போட்டுக்கொண்டேன். எந்த விமானம் எப்போது கிளம்பியது என்று அதில் தெரியும். கம்பெனியில் எங்கள் லைனில் வேலை செய்கிற பையன் ஒருவன் போட்டுக் கொடுத்தான். எதற்கு என்று கேட்டான். சும்மா என்றேன்.

"இன்னைக்கு எந்த பிளைட் லேட்டு?"

"லக்னோ. ஆறு மணி வரைக்கும் கேட்லயே நின்னேன்."

ஆப்பில் பார்த்தால் லக்னோ விமானம் மூன்றரைக்கே போயிருக்கிறது. காட்டினேன். அவள் ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "பிளைட் போயிடும்மா. ஏற முடியாதவங்க எங்க போவாங்க? அவங்க எல்லாம் என் முன்னாடிதான் நிப்பாங்க."

எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறாள். தயாராக வைத்திருக்கிற பதிலைத்தான் நான் நம்புவதில்லை. என் வீட்டுக்காரர் எட்சனும் அப்படித்தான். ஓவர்டைம், ஓவர்டைம் என்பார். அந்த ஓவர்டைமுக்கு மாலூரில் ஒரு குடும்பமே இருந்தது என்பது எஸ்லின் ஆறாவது படிக்கும்போதுதான் தெரிந்தது. அவர் போய்விட்டார். அவரால் எனக்கு வந்த இந்தப் புத்தி போகவில்லை.

வேலையும் அப்படி வாய்த்திருக்கிறது. ஃபைனல் இன்ஸ்பெக்ஷன். கெட்ட பீஸைத் தேடுவதற்குத்தான் சம்பளம். நல்ல பீஸ் கையில் வந்தாலும் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன்.

ஜனவரி 13, செவ்வாய்

பக்கத்து வீட்டு மாதம்மாள் தண்ணீர் பிடிக்கும்போது மெதுவாக ஆரம்பித்தாள். "நேத்து சாயங்காலம் உங்க எஸ்லின ஓசூர் பஸ் ஸ்டாண்டுல பார்த்தேங்க்கா. தனியா பெஞ்சுல உக்காந்திருந்துச்சு. நான் பூ வாங்கிட்டு, மருந்து வாங்கிட்டுத் திரும்பி வர்றேன், அப்பவும் அங்கியேதான் கெடக்குது."

நேற்றும் "பிளைட் லேட்டும்மா" என்றுதான் வந்தாள். பஸ் ஸ்டாண்டுக்கு எந்த பிளைட்டு வருது?

யாருக்காகக் காத்திருந்தாள்? யாராக இருந்தாலும் சொல்லித் தொலைக்கலாமே. நான் என்ன கடித்தா தின்றுவிடுவேன்?

ஜனவரி 16, வெள்ளி

அவள் குளிக்கப் போனபோது கைப்பையைப் பார்த்தேன். இருமல் மிட்டாய், கால் வலித் தைலம், ஒரு ஜெபமாலை, பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட். சந்தேகப்படும்படி ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லாததுதான் சந்தேகமாக இருக்கிறது.

வெளியே வந்தவள் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஜிப்பை மட்டும் இழுத்து மூடினாள்.

ஜனவரி 20, செவ்வாய்

புனே கஸ்டமர் நம் கம்பெனி அனுப்பிய பீஸ்களை எடுக்காமல் நிறுத்திவிட்டார்களாம். அங்கேயே போய் உட்கார்ந்து நல்லதையும் கெட்டதையும் பிரித்துக் கொடுக்க வேண்டும். அன்புமணியும் நானும் வியாழக்கிழமை விமானத்தில் போகிறோம். அன்புமணி எங்கள் சூப்பர்வைசர். வயதில் சின்னவன், என்னை அக்கா என்பான். "பயப்படாதீங்க்கா, பஸ்ஸு மாதிரிதான்" என்றான். எனக்கு விமானத்தைப் பற்றி என்ன பயம்?

டிக்கெட்டைப் பார்த்தேன். எஸ்லின் வேலை செய்கிற அதே விமானக் கம்பெனி.

அவளிடம் வெள்ளிக்கிழமை போகிறேன் என்று சொல்லிவைத்தேன். வியாழக்கிழமை திடீரென்று போய் நின்றால் எது உண்மை, எது பொய் என்று தெரிந்துவிடும்.

ஜனவரி 22, வியாழன். புனே, லாட்ஜ்

எழுதாமல் தூக்கம் வராது.

எஸ்லின் கிளம்பிப் போனதும் நாங்களும் கிளம்பினோம். வழி முழுக்கப் பனி. ஏர்போர்ட்டுக்குள் கால் வைக்க இடமில்லை. தரையிலெல்லாம் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு அம்மா குழந்தையைப் பெட்டியின் மேலேயே படுக்க வைத்திருந்தாள். எங்கள் கேட்டில் எஸ்லின் இல்லை. அவளைவிடக் கொஞ்சம் சின்னவளாக ஒரு பெண் அதே யூனிஃபார்மில் நின்றிருந்தாள். சட்டையில் ஜாஸ்லின் என்று பெயர். அரை மணி நேரம் லேட் என்றாள். அப்புறம் ஒரு மணி என்றாள். அப்புறம் தெரியாது என்றாள்.

தெரியாது என்றதும் கூட்டம் அவளைச் சூழ்ந்துகொண்டது. ஒருவர் கன்னடத்தில் கத்துகிறார், ஒருவர் இந்தியில் கத்துகிறார், இன்னொருவர் அவள் முகத்துக்கு நேராக போனைப் பிடித்துப் படம் எடுக்கிறார். அன்புமணி கவுண்டரைத் தட்டினான். "அங்க கஸ்டமர் லைன் நின்னுச்சுன்னா நீங்களா பதில் சொல்லுவீங்க?" அந்தப் பெண் எல்லோருக்கும் "சாரி சார், சாரி மேடம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். குரல் கட்டிப்போயிருந்தது.

நானும் போனேன். ஏன் போனேன்? ஆப்பைத் திறந்து அவள் முன்னால் நீட்டினேன். அதில் எங்கள் விமானம் சரியான நேரத்துக்குக் கிளம்பும் என்று இருந்தது.

"இதுல டைமுக்குன்னு போட்டிருக்கு. நீ லேட்டுங்கற. எது பொய்யி? எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனைக்காத. என் பொண்ணும் இங்கதான் வேலை செய்யறா. நீங்க எல்லாம் பேசி வெச்சுக்கிட்டுத்தான் சொல்றீங்க."

தமிழைக் கேட்டதும் அவள் முகம் கொஞ்சம் இளகியது. "அதுல உடனே மாறாது ஆன்ட்டி. நம்ம பிளைட் பனியில இறங்க முடியாம சென்னைக்குப் போயிடுச்சு. அங்கருந்து வரணும்." பிறகு கேட்டாள்: "உங்க பொண்ணு பேரு என்ன ஆன்ட்டி?"

சொன்னேன்.

"எஸ்லின் அக்கா அம்மாவா?" அத்தனை பேர் கத்துகிற நடுவில் அந்தப் பெண் சிரித்தாள். "அக்கா இல்லன்னா நாங்க செத்தோம் ஆன்ட்டி. ஷிஃப்ட் முடியற நேரத்துல பிளைட் லேட் ஆனா யாராவது ஒருத்தர் நிக்கணும். எல்லாருக்கும் வீட்டுக்கு ஓடணும். அக்காதான் 'நீ போ, நான் பார்த்துக்கறேன்'னு வாங்கிக்குவாங்க. தெனமும் அவங்கதான். நானும் அக்காவும் இங்க பக்கத்துல தேவனஹள்ளியில ரூம் எடுக்கறோம்ல, வந்தா நல்லா சமைச்சுப் போடுங்க ஆன்ட்டி."

ரூமா?

நான் மறுபடி வாயைத் திறப்பதற்குள் எஸ்லினே வந்துவிட்டாள். உப்புமா டப்பாக்கள் அடுக்கிய தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள், காத்திருப்பவர்களுக்குக் கொடுக்க. என்னைப் பார்த்ததும் நின்றாள். வெள்ளிக்கிழமை என்று சொன்ன அம்மா வியாழக்கிழமை வந்து நிற்கிறேன். கையில் ஆப் திறந்தபடி. அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

திட்டுவாள் என்று பார்த்தேன். ஒரு டப்பாவை என் கையில் கொடுத்தாள். "சூடு இருக்கும்போதே சாப்பிடும்மா. மாத்திரை போடணும்ல."

"நீயா கேட்டு வாங்கி நிக்கறியாமே. எதுக்குடி?"

யாரோ ஒருவர் எங்களுக்கு நடுவில் புகுந்து அவளைத் திட்ட ஆரம்பித்தார். முழுவதும் கேட்டாள். சாரி சார் என்றாள், டப்பா கொடுத்தாள். அவர் நகர்ந்ததும் என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாள்: "இங்க கத்துறவங்க பிளைட் வந்தா போயிடுவாங்கம்மா."

வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள்.

பஸ் ஸ்டாண்டில் யாருக்காக உட்கார்ந்திருந்தாள் என்று இப்போது தெரிகிறது. யாருக்காகவும் இல்லை. வீட்டுக்கு வரப் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். நான் கேட்பேன் என்று. வாசல்லயே நிக்க வெச்சுக் கேப்பேன்னு. அய்யோ என் பொண்ணு.

உப்புமாவைச் சாப்பிட முடியவில்லை. அன்புமணி வாங்கிச் சாப்பிட்டுவிட்டான்.

ஜனவரி 25, ஞாயிறு

திரும்பிவிட்டேன். பூசைக்குப் போகவில்லை. எஸ்லின் தானாகவே சொன்னாள்: "பிப்ரவரி ஒண்ணுலருந்து ரூம்மா. போக வர்றதுலயே பாதி நாள் போயிடுது." தூரத்தைத்தான் காரணமாகச் சொன்னாள், என்னைச் சொல்லவில்லை. அந்த மரியாதை இன்னும் வைத்திருக்கிறாள்.

எந்தத் தெரு, யார் வீடு, மாடியில் யார் இருக்கிறார்கள், பூட்டு நல்ல பூட்டா, ஜாஸ்லின் எப்படிப்பட்டவள். எல்லாம் தொண்டை வரை வந்தது. "போர்வை எடுத்துக்க, அங்க குளிரும்" என்றேன்.

பிப்ரவரி 1

போய்விட்டாள். மாதம்மாள் கேட்டதற்கு தூரம் என்றேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

வரவில்லை. போனில் "பிளைட் லேட்டும்மா, இந்த வாரம் முடியாது" என்றாள். வைத்த பிறகு ஆப்பைப் பார்த்தேன். இன்று ஒன்றும் லேட் இல்லை. அது எவ்வளவு சரியாகக் காட்டும் என்று புனே போன அன்றே பார்த்தாயிற்று. அப்படியும் பார்க்கிறேன். அழித்துவிடலாம் என்று நினைத்தேன். அழிக்கவில்லை.

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு அப்படியே இரண்டாம் ஷிஃப்டுக்குப் போனேன். தவக்காலத்துக்கு எதை விடப்போகிறீர்கள் என்று சாமியார் பிரசங்கத்தில் கேட்டார். வருஷா வருஷம் நான் கறி விடுவேன். கறி வாங்கித் தின்ன வீட்டில் யார் இருக்கிறார்கள்? அது ஒரு ஒறுத்தலா?

இந்த வருஷம் கேள்வியை விடுகிறேன். ஈஸ்டர் வரைக்கும் எஸ்லினிடம் ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. சாப்பிட்டியா என்பதுகூட இல்லை. அதில் ஆரம்பித்துத்தான் மற்றதெல்லாம் வரும்.

பிப்ரவரி 24

அவள் கூப்பிட்டாள். அங்கே வெயில் ஆரம்பித்துவிட்டதாம், பனி லேட் எல்லாம் முடிந்துவிட்டதாம். "சரிம்மா", "அப்படியா", "நல்லது" என்று மூன்றையே மாற்றி மாற்றிச் சொன்னேன். அதற்குப் பிறகும் அவள் வைக்காமல் கொஞ்ச நேரம் போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கறியை விடுவது எவ்வளவோ மேல்.

மார்ச் 3

மறுபடி கூப்பிட்டாள். மறுபடி சரிம்மா, நல்லதும்மா. "வேற ஒண்ணும் இல்லியா?" என்றாள். இல்லை என்றேன்.

மார்ச் 11, புதன்

லீவு நாள் இல்லை, பண்டிகை இல்லை. வேலை முடிந்து வருகிறேன், எஸ்லின் வாசல் படியில் பையோடு உட்கார்ந்திருக்கிறாள். வேலை போய்விட்டதா? அந்த ஜாஸ்லினோடு சண்டையா? உடம்பா? நாக்கைக் கடித்துக்கொண்டு கதவைத் திறந்தேன். "வா" என்றேன்.

உள்ளே வந்தவள் நேராக என் மாத்திரை டப்பாவை எடுத்து எண்ணிப் பார்த்தாள். ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தாள். என் கைப்பையையும் விடவில்லை. அப்புறம் எதிரில் வந்து நின்றாள்.

"என்னாம்மா மறைக்கற? ஆஸ்பத்திரிக்குப் போனியா? டாக்டர் என்னா சொன்னாரு? ரெண்டு வாரமா போன்ல ஒண்ணுமே கேக்க மாட்டேங்கற. மாதம்மாக்காவுக்குக்கூட போன் பண்ணிக் கேட்டேன்."

"எனக்கு ஒண்ணும் இல்லடி."

"பொய் சொல்லாத. ஷிஃப்ட்ட ஜாஸ்லின் தலையில கட்டிட்டு ஓடி வந்திருக்கேன். அப்பா எதுனா வந்தாரா? கம்பெனியில எதுனா சொன்னாங்களா?"

தவக்காலத்தைச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. கேட்டதற்கெல்லாம் பதில் மட்டும் சொன்னேன். ஒன்றையும் அவள் நம்பவில்லை. நாளைக்கும் லீவு போட்டுவிட்டு, காலையில் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லி, என் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்திருக்கிறாள்.