பெட்டியின் தலையில் பச்சைப் பொட்டலம்

லூகாங்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள பெய்-ஜென்னுக்கு அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், ஹாலந்துக் குளிரில் உன் இருமல் விட்டுப்போய் நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். இங்கே மழை இல்லை, கடல் காற்றுதான். அம்மா புத்தாண்டு முள்ளங்கி அப்பத்துக்கு மாவு அரைத்துவிட்டாள், மற்றபடி என்னோடு பேச்சுவார்த்தை இல்லை. எதற்கென்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கைபேசியில் தட்டினால் நொடியில் வந்திருக்குமே, இதென்ன தாளும் பேனாவும் என்று நினைப்பாய். தட்டித்தானே இத்தனையும் வந்தது. தாளில் எழுதினால் ஒருவருக்குத்தான் போகும்.

பத்து நாளைக்கு முன்னால், சனிக்கிழமை, பட்டறையில் வருடக் கடைசிச் சுத்தம். முதலாளி சும்மா நிற்கக் கூடாது என்று அலுவலக அறையை நான் எடுத்துக்கொண்டேன். எல்லாக் கணினிகளையும் சேர்க்க நீ பொருத்திக் கொடுத்த பெட்டி இருக்கிறதே, பதினாறு ஓட்டை, அதிலிருந்து ஒரு கேபிள் மறுமுனை எதிலும் சேராமல் தரையில் கிடந்தது. அப்பா, அதுல மட்டும் கை வைக்காதீங்க, எதுனாலும் எனக்குப் போன் போடுங்க என்று போகும்போது மூன்று தரம் சொன்னாய், மறக்கவில்லை. ஆனால் புத்தாண்டு நேரத்தில் வால் மாதிரி தொங்கினால் பார்க்கச் சகிக்கவில்லை. அதே பெட்டியில் காலியாக இருந்த ஓட்டையில் அந்த முனையையும் சொருகி, சரக்குப் பெட்டி கட்டுகிற சிவப்புக் கயிற்றால் முடிச்சுப் போட்டு, நானே மெச்சிக்கொண்டேன். ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் எல்லாம் படுத்துவிட்டது. நாம் செய்கிற தண்ணீர்க் குழாய்களின் வரைபடம் இயந்திரங்களுக்குப் போகவில்லை, பிரிண்டர் அசையவில்லை, கப்பலுக்குப் போகவேண்டிய சரக்கு சீட்டு இல்லாமல் நின்றது.

அப்போதுதான் பெட்டியின் தலையில் பச்சைப் பொட்டலத்தைக் காணோம் என்று கண்ணில் பட்டது. நீ பொறியியல் படித்தவள், சிரிப்பாய், ஆனாலும் நீயும்தானே முதல் பொட்டலத்தை வைத்தாய். பேரிலேயே சமத்தாக இரு என்று இருக்கிற தேங்காய் மணக்கும் சோளப் பொரி, இயந்திரம் மக்கர் பண்ணாமல் இருக்க. காலி உறை ஸ்யூ-ஹுவே அக்கா மேசைக்குக் கீழே குப்பைக்கூடையில் கிடந்தது, அவர் இடத்தில் இல்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. கைபேசியில் பட்டறைக் குழுவில் தட்டினேன், பொட்டலத்தைத் தின்னுட்டுப் போயிட்டா ஸ்யூ-ஹுவே, அவ வயித்துக்குப் பட்டறையே படுத்துக் கிடக்கு என்று. முப்பத்திரண்டு பேர் இருக்கிற குழு. கடைசல் பிடிக்கிற அவர் கணவர் இருக்கிறார், முலாம் பூசுகிற அவர் சம்பந்தி இருக்கிறார். பத்தொன்பது வருடம் நம் கணக்கையும் சாவியையும் வைத்திருந்த மனுஷி. நீ விமானம் ஏறிய அன்று உன் அம்மாவை விட அதிகம் அழுதவர். நடந்தது என்னவென்றால், தேதி முடிந்த பொட்டலம் ஆகாது என்று காலையிலேயே எடுத்து எல்லோருக்கும் பகிர்ந்து கொடுத்துவிட்டு, புதுசு வாங்கக் கடைக்குப் போயிருந்தார். அங்கேயே நான் தட்டியதைப் படித்துவிட்டு நேரே வீட்டுக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை பழுது பார்க்கிற காங் வந்தார். பெட்டியைப் பார்த்ததுமே விழுந்து விழுந்து சிரித்தார். யாருங்க இது, தலையையும் வாலையும் ஒரே பெட்டியில சொருகினது, ஒரு கம்ப்யூட்டர் யாரையாவது தேடினா எல்லார்கிட்டயும் கேக்கும், அந்தக் கேள்வி ஒரு ஓட்டையில வெளிய போய் இன்னொண்ணுல உள்ள வந்து மறுபடி எல்லார்கிட்டயும் கேக்கும், சுத்திச் சுத்திப் பெருகி வழியே அடைச்சுப் போச்சு, இதுல பொரி என்னய்யா பண்ணும் என்றார். யாரு சொருகினது என்று மறுபடி கேட்டார். பெய்-ஜென், உன் அப்பா அப்போது, சுத்தம் பண்றப்ப யாரோ போல என்றேன். ஸ்யூ-ஹுவே அக்கா புதுப் பொட்டலத்தோடு வாசலில் நின்றிருந்தார். அந்த முடிச்சைப் பார்த்தார். அப்படி முடிச்சுப் போடுகிறவன் பட்டறையில் நான் ஒருத்தன்தான். பிறகு என்னைப் பார்த்தார். பொட்டலத்தைப் பெட்டி மேல் வைத்தார், சாவிக்கொத்தை என் மேசையில் வைத்தார், போய்விட்டார். காங் கேபிளைப் பிடுங்கியதும் எல்லாம் ஓடத் தொடங்கியது, எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

பெட்டி வந்தபோது ஒரு வரைபடத்துக்கு ஐந்து இடம் நடக்க வேண்டியதில்லை என்று ஊரெல்லாம் பெருமை பேசினேன். ஒரு இடத்தில் செய்தது எல்லா இடத்துக்கும் போகும் என்பதுதான் அதன் வசதி, தொல்லையும் அதுவேதான். என் வாயும் அந்த வழியில்தான் போனது. இரண்டு தரம் அக்கா வீட்டுக்குப் போனேன், கணவர் வந்து தேநீர் கொடுத்தார், அக்கா உள்ளேயே இருந்தார். உன் அம்மா சொன்னாள், எல்லார் முன்னாலயும் திட்டிட்டுக் காதுல வந்து மன்னிப்புக் கேப்பீங்களோ என்று. இன்று காலை அதே குழுவில் எழுதினேன். சொருகியது நான், காங் கேட்டபோது பொய் சொன்னதும் நான், அக்கா மேல் ஒரு தப்பும் இல்லை என்று. நாலு வரிக்கு இரண்டு மணி நேரம் ஆனது. என்னைத் தவிர முப்பத்தொரு பேர், மதியத்துக்குள் முப்பது பேர் படித்ததாகக் காட்டியது. படிக்காத ஒருவர் யார் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நீ நல்ல பெயரோடும் நல்ல உடம்போடும் இருக்க வேண்டும், நம் முன்னோர் உன்னைக் காக்கட்டும். கழுத்தில் துணி சுற்றாமல் வெளியே போகாதே. கோபத்தில் எதையும் தட்டி அனுப்பாதே, இதை உன் அப்பா சொல்ல யோக்கியதை இல்லைதான், ஆனாலும் சொல்கிறேன். அலுவலகத்துக்குப் போன் செய்தால் இப்போது நான்தான் எடுக்கிறேன், பயப்படாதே.

தலை குனிந்து,
உன் அப்பா
லாய் சின்-சுவான்

பி.கு. உறையை ஒட்டுவதற்கு முன் ஒரு தரம் பார்த்தேன். முப்பத்தொன்று என்று காட்டுகிறது. பதில் ஒன்றும் எழுதவில்லை. குழுவை விட்டும் போகவில்லை.